திட்டினால்தான் கறக்கும் சிவப்பி

ஒதியம்பட்டு தனக்கொடிக்கு வாய் கொஞ்சம் நீளம். கொஞ்சம் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். விடிந்ததும் சிவப்பி மாட்டின் மடியில் கை வைத்தால் வாயும் கூடவே திறந்துகொள்ளும். திட்டெல்லாம் புருசன் சிங்காரவேலுவுக்குத்தான். கடலோர நல்லவாட்டுக்கு மீன் வாங்கப் போனவர் யாருடனோ பேசிவிட்டு வெறும் பையோடு வந்தது, கல்யாணத்தன்று மாப்பிள்ளைக் கோலத்திலேயே அசந்து தூங்கியது, எல்லாம் தினமும் ஒழுங்காக வரும். அவரும் பக்கத்திலேயே குந்திக்கொண்டு, டீயை உறிஞ்சியபடி கேட்டுக்கொண்டிருப்பார். பால் முடிந்தால் திட்டும் முடிந்தது. அப்புறம் "சாப்புட வாய்யா" என்று அவளே கூப்பிடுவாள்.

மகள் வெண்ணிலா வில்லியனூரில் ஒரு நர்சரி பள்ளியில் டீச்சர். அங்கே பிள்ளைகளுக்கு விவசாயம் என்று ஒரு வீடியோ போடுவார்கள். அதில் தொப்பி போட்ட வெள்ளைக்கார விவசாயி, சுற்றிலும் பனி. அதைப் பார்த்துவிட்டு ஒரு எல்கேஜி வாண்டு, "மிஸ், மாடு பால் பாக்கெட்ட எங்க வச்சிருக்கும்?" என்று கேட்டுவிட்டது. தலைமை ஆசிரியை அருள்மொழிக்கு மனசு கேட்கவில்லை. "உங்க வூட்லதான் மாடு இருக்கே வெண்ணிலா, அம்மா பால் கறக்கறத எடுத்துட்டு வா" என்றார்.

வில்லங்கம் இதில்தான். அந்த அருள்மொழி டீச்சர் தன் மகனுக்கு வெண்ணிலாவைக் கேட்டிருந்தார். வெண்ணிலாவுக்கும் அந்தப் பையனைப் பிடித்துப்போயிருந்தது. வருகிற வாரம் வீட்டுக்கு வந்து பேசுவதாக இருந்தார்கள். டீச்சரோ அதிர்ந்து ஒரு வார்த்தை பேசாத மனுசி. பாலைப் பார்த்து மாட்டை வாங்கு, தாயைப் பார்த்துப் பெண்ணை எடு என்பார்கள். இங்கே மாடு, பால், தாய் எல்லாம் ஒரே வீடியோவில். என் வாயால எம்பொண்ணு வாழ்க்கை போயிடப்போவுதே என்று தனக்கொடி புலம்பினாள்.

"கறக்கும்போது வாயத் தெறக்காதம்மா" என்று வெண்ணிலா கெஞ்சிவிட்டு செல்போனைத் தூக்கிப் பிடித்தாள்.

தனக்கொடி பட்டுப்புடவை கட்டி, பூ வைத்து, சிரித்த முகமாக உட்கார்ந்தாள். "சிவப்பி, என் கண்ணு, பால் குடும்மா" என்றாள் தேனொழுக. சிவப்பி திரும்பி அவளை ஏற இறங்கப் பார்த்தது. கன்றை ஊட்டவிட்டாள், மடியைத் தடவினாள், தவிட்டைக் காட்டினாள். ஒரு சொட்டு இறங்கவில்லை.

சிங்காரவேலுவுக்கும் டீ இறங்கவில்லை. "இன்னாடி, ஒடம்பு சரியில்லியா?" என்றார்.

"நல்லாத்தாங்க இருக்கேன். நீங்க கொஞ்சம் தள்ளிக்குங்க."

இந்த மரியாதையைக் கேட்டு மனுசன் மிரண்டே போனார். அவருக்கு விசயம் புரிந்துவிட்டது. "அந்த மாடு கன்னு போட்டதுலேர்ந்து உன் திட்டக் கேட்டுத்தான்டி கறக்குது. என்னைய நாலு வார்த்த கேளு."

தனக்கொடி உதட்டைக் கடித்துக்கொண்டாள். செல்போனைப் பிடித்த மகள் கண்ணில் தண்ணீர் முட்டியது. சிங்காரவேலு தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"சொல்ல மறந்துட்டேன். ராத்திரி கொல்லில மோட்டார அமத்தாம வந்துட்டேன். நாத்தங்கால் முழுக்க மெதக்குது."

அவ்வளவுதான். "யோவ், ஒனக்கு மூளைன்னு ஒண்ணு இருக்கா, இல்ல அதையும் நல்லவாட்டுலயே வுட்டுட்டு வந்துட்டியா? சோத்துக்கு மட்டும் டாண்ணு வரத் தெரியுது, மோட்டார அமத்தக் கை வலிக்குதா?" என்று ஆரம்பித்தவள் கல்யாணத் தூக்கம் வரைக்கும் போனாள். சிவப்பி நிம்மதியாக அசைபோட்டது. சொம்பு நுரைத்து வழிந்தது.

கறந்த கையோடு பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வயலுக்கு ஓடினாள். மோட்டார் அமர்த்தித்தான் இருந்தது. நாற்றுக்கு ஒரு குறையும் இல்லை. மகளுக்காக மனுசன் இல்லாத குற்றத்தை ஒத்துக்கொண்டு திட்டு வாங்கியிருக்கிறார். அவளுக்கு அவர்மேல் அப்படி ஒரு பிரியம் வந்தது. வீட்டுக்கு வந்து, பொய் சொன்னதற்கும் சேர்த்துத் திட்டினாள்.

வெண்ணிலா வீடியோவில் திட்டை நீக்கிவிட்டு அங்கே ஒரு நாதஸ்வரத்தைப் போட்டுத்தான் பள்ளிக்கு எடுத்துப் போனாள். தனக்கொடியையும் அழைத்து முன்வரிசையில் உட்கார வைத்திருந்தார்கள். அருள்மொழி டீச்சர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "மேளம் வேணாம்மா. பால் பீச்சற சத்தம் பிள்ளைங்களுக்குக் கேக்கணும். அசல் போன்ல இருக்குமே" என்று தானே வாங்கிப் போட்டார்.

"யோவ், ஒனக்கு மூளைன்னு ஒண்ணு இருக்கா" என்றது ஸ்பீக்கர்.

பிள்ளைகள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தன. தனக்கொடி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். இவ்வளவு நாள் கழித்துப் பொத்தி என்ன பிரயோசனம்? கடைசியில் வெண்ணிலா ஈனசுரத்தில், "மாட்டுலேர்ந்து பால் எப்படி வருது, யார் சொல்றீங்க?" என்றாள்.

பாக்கெட் பற்றிக் கேட்ட அதே வாண்டு எழுந்தது. "மொதல்ல மாட்டுக்குத் தவிடு வைக்கணும். அப்புறம் தாத்தாவத் திட்டணும். அப்புறம் பால் வரும், மிஸ்."

அருள்மொழி டீச்சர் மட்டும் சிரிக்கவில்லை. தனக்கொடியைத் தனியாக வாசல் பக்கம் கூட்டிப் போனார். போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தபடி இவள் பின்னால் போனாள். "டீச்சர், எம்பொண்ணு என்ன மாதிரி இல்ல. அவ சாது" என்றாள் அழமாட்டாத குறையாக.

வாசலில் டீச்சரை அழைத்துப்போக வந்த அவர் புருசன் ஸ்கூட்டர்மேல் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பொண்டாட்டி பக்கத்தில் வந்து நின்றும் தலையைத் தூக்கவில்லை. டீச்சர் அவரையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"எங்க வூட்லயும் ஒரு மாடு வாங்கிக் கட்டலாம்னு இருக்கேன்" என்றார் மெதுவாக. "நீங்கதான் கறக்கக் கத்துக்குடுக்கணும், சம்பந்தி."