"நான் பொறுப்பு" என்ற ருமியானா

எங்க ஊர்ல ருமியானா ஒரு வார்த்தை சொன்னா மறுபேச்சு கிடையாது. அவ ஒண்ணும் தலைவி இல்லை, ஆஸ்பத்திரிச் சமையல்காரி. பல்கேரியாவோட இந்த வடமேற்கு மூலையில பிரசவம், குடலிறக்கம், உடைஞ்ச கால்னு படுத்து எழுந்த அத்தனை பேருக்கும் அவ கையால கோழி சூப் போயிருக்கு. எவனாவது உப்பு கம்மின்னு முனகினா, "உப்பு வேணும்னா வீட்டுக்குப் போய்ச் சாவு, இங்க இதைக் குடிச்சுப் பிழை"ன்னு கரண்டியை ஓங்குவா. குடிச்சுப் பிழைச்சவங்கதான் நாங்க எல்லாரும்.

இதைச் சரியா மோப்பம் பிடிச்சவர் டாக்டர் அசென். மாவட்டத் தலைநகர்ல இதய வைத்தியர். போன நாடாளுமன்றத் தேர்தல்ல நின்னப்போ நேரா சமையல்கட்டுக்கே வந்து, நின்னபடியே ஒரு கிண்ணம் சூப் குடிச்சார்.

"ருமியானா அக்கா, இந்த ஆஸ்பத்திரியை மூட விடமாட்டேன். ஆம்புலன்ஸ் ராத்திரி பகலா இங்கேயே நிக்கும். வயசானவங்களுக்கு மாத்திரை இலவசம். எழுதி வச்சுக்குங்க."

ருமியானாவோட புருஷன் இல்கோ நெஞ்சுவலிக்காரர். ஆம்புலன்ஸ்ங்கிற ஒரு சொல் போதாதா அவளுக்கு? ஓட்டுக் கேட்டு ஒவ்வொரு மாடியா ஏறி இறங்கினா. "இவர் சொல்றதுக்கு நான் பொறுப்பு. பொய்யாப் போனா என் மூஞ்சியில துப்புங்க"ன்னா. கீழ்வீட்டுக்காரி நான், என் கதவையும் தட்டினா. பின்னாடி நின்ன இல்கோ சிரிச்சார். "பாரு ராட்கா, எனக்குக்கூட இவ இப்படி ஜாமீன் நின்னதில்லை!"

டாக்டர் ஜெயிச்சு தலைநகர் சோஃபியாவுக்குப் போனார். முதல்ல பிரசவ வார்டுக்குப் பூட்டு. அடுத்தது சமையல்கட்டு. கடைசியில ஆஸ்பத்திரியே மூடி, ஆம்புலன்ஸை மலைக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் நிறுத்திட்டாங்க. நம்ம டாக்டரும் அதுக்குக் கை தூக்கினவர்தான். சீர்திருத்தமாம், மண்ணாங்கட்டி!

பிப்ரவரியில ஒரு காலை, கொட்டுற பனியில, இல்கோ மார்பைப் பிடிச்சுக்கிட்டு நாற்காலியில சாஞ்சார். நான் அவர் சட்டைப் பொத்தானை அவிழ்த்தேன். ருமியானா ஜன்னல்ல நின்னு மலைப்பாதையையே பார்த்துக்கிட்டு, "வருது, வருது, விளக்கு தெரியுது"ன்னு கத்தினா. வந்தது பால் வண்டி. ஆம்புலன்ஸ் வந்து சேர்ந்தப்போ நான் அவர் கண்ணை மூடியாச்சு.

செத்தவங்க படம் போட்ட அஞ்சலித் தாளை அவங்க புழங்கின கதவுல எல்லாம் ஒட்டுவோம். நாற்பதாம் நாள் ஒண்ணு, ஆறாம் மாசம் ஒண்ணு. யாரும் கிழிக்க மாட்டாங்க. இங்கே பிறந்து வளர்ந்தவன் எவனும் ஒரு கதவைப் படிக்காம திறக்க மாட்டான். இல்கோ ஊர் மண்டபத்துல பேண்டு வாசிச்சவர். ருமியானா அவரோட ஆறாம் மாசத் தாளை மண்டபக் கதவுல கண்ணுக்கு நேரா ஒட்டினா.

அவ மூஞ்சியில யாரும் துப்பலை. ரொட்டிக் கடை வரிசையில வழி விட்டாங்க. "துப்பியிருந்தா தேவலை ராட்கா, இந்தப் பரிதாபத்தைத் தாங்க முடியலை"ன்னு அழுதா.

செப்டம்பர்ல மறுபடி தேர்தல். கட்சி ஆபீஸ்லேர்ந்து யாரோ போன் பண்ணி, டாக்டர் வர்றார், அக்கா மேடையில ரெண்டு வார்த்தை பேசணும்னாங்க. சரின்னுட்டா! எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

"வெக்கமா இல்லையாடி உனக்கு?"

"ஆம்புலன்ஸ் வந்தா இன்னொருத்தி புருஷன் பிழைப்பான்ல? அவர் இல்கோ பேரைச் சொல்லி ஒரு மன்னிப்புக் கேட்கட்டும். கேட்டா மறுபடி நான் பொறுப்பு. கேட்கலைன்னா இல்லை."

மண்டபம் நிறைஞ்சிருந்தது. டாக்டர் கதவை உள்ளங்கையால தள்ளிக்கிட்டு வந்தார். கை சரியா தாள்ல இருந்த இல்கோ முகத்து மேல. மேடையேறி, ஆஸ்பத்திரி, ஆம்புலன்ஸ், இலவச மாத்திரைன்னு அதே பாட்டை ஒரு எழுத்து மாறாம ஒப்பிச்சார். அப்புறம் ருமியானாவைக் கூப்பிட்டு, தோள்ல கை போட்டு, மைக்ல கேட்டார்:

"இல்கோ எப்படி இருக்கார் அக்கா? ஆளையே காணோமே?"

பேரைச் சொல்லிட்டார். பாவி, சொல்லிட்டார்.

ருமியானா அவரையே பார்த்தா. "வாசல்லதான் நிக்கிறார் டாக்டர். வரும்போது நீங்கதானே தள்ளிட்டு வந்தீங்க."

"அட, உள்ளே கூப்பிடுங்க! முதல் ஆம்புலன்ஸ் அவருக்குத்தான்!"

ஒருத்தர்கூடக் கைதட்டலை. அவ இறங்கிப் போய், கதவைத் திறந்து பிடிச்சுக்கிட்டு, அந்தப் படத்துக்குப் பக்கத்துல நின்னா. நாங்க ஒவ்வொருத்தரா எழுந்து அவளைக் கடந்து போனோம். "துப்புங்க"ன்னா ஒவ்வொருத்தர்கிட்டேயும். தொப்பியைக் கழட்டினாங்களே தவிர, யாருக்கும் மனசு வரலை. எனக்கும்தான்.

கடைசியா டாக்டர் வந்தார். போன் காதுல. அடுத்த ஊர்க் கூட்டத்துக்கு நேரமாச்சாம். ருமியானாவைத் தட்டிக்கொடுத்து, "இல்கோவைக் கேட்டதாச் சொல்லுங்க அக்கா"ன்னுட்டு கார்ல ஏறினார்.

அப்பதான் நான் துப்பினேன். கார்க் கண்ணாடி மேல.