யாருக்கும் சொந்தமில்லாத இரண்டு கிலோமீட்டர்

எங்கள் ஊர் சுரைக்கரட்டில் சாமித்துரை அண்ணாச்சிக்கு இரண்டு தொழில். ஒன்று, மழையை நம்பி உளுந்தும் கம்பும் விதைப்பது. இன்னொன்று, திங்கட்கிழமை திங்கட்கிழமை மனுக் கொடுப்பது. முதல் தொழிலில் சில வருஷமாவது விளைச்சல் உண்டு.

மனு எப்போதும் ஒரே விஷயம்தான். பசுவந்தனை போகிற தார் ரோட்டிலிருந்து ஊருக்குள் வர இரண்டு கிலோமீட்டர் மண்பாதை. வெயில் காலத்தில் வெடிப்புக்குள் கால் போகும். மழை பெய்தால் கரிசல் அப்பி சைக்கிள் சக்கரம்கூடச் சுற்றாது. யூனியன் ஆபீஸில் கேட்டால், "இதை நெடுஞ்சாலைக்கு மாத்தி எழுதியாச்சே" என்பார்கள். நெடுஞ்சாலை ஆபீஸில் கேட்டால், "எழுதுனது வாஸ்தவம், நாங்க இன்னும் வாங்கிக்கலையே" என்பார்கள். நிதி வந்ததும் பார்ப்போம் என்று சொல்வதில் மட்டும் இரண்டு ஆபீஸுக்கும் அப்படி ஒரு ஒற்றுமை. இப்படியே பதினோரு வருஷம் போனது.

அண்ணாச்சி சிரித்த முகமாகத்தான் மனு எழுதிக்கொண்டிருந்தார், முந்தின வருஷ ஐப்பசி வரைக்கும். அந்த ஐப்பசியில் மகள் தங்கமாரிக்கு வலி எடுத்தது. 108 வண்டி தார் ரோட்டிலேயே நின்றுவிட்டது. டிராக்டரில் ஏற்றினோம், அதுவும் பாதியில் புதைந்தது. பிள்ளை தங்கவில்லை. இந்த வருஷமும் அவளுக்கு ஐப்பசிக் கடைசியில்தான் நாள் சொல்லியிருந்தார்கள்.

ஆவணியில் ஒரு போன் வந்தது. பாதையைப் பார்த்து எஸ்டிமேட் போட யூனியன் ஆபீஸ் இன்ஜினியர் வருகிறாராம்!

எங்கள் ஊருக்கு ஒரு வியாதி உண்டு. ஆபீசர் வருகிறார் என்றால் சம்பந்தி வருவது மாதிரி பறப்போம். "அவிய ஜீப்பு குழியில விழுந்து இடுப்பு ஒடிஞ்சா நம்ம ஊருக்கு என்னலே மரியாதை?" என்று முதலில் கிளம்பியதே அண்ணாச்சிதான். கண்மாய்க்கரையிலிருந்து நாலு டிராக்டர் சரள் மண் அடித்தோம். குழி ஒன்று விடாமல் நிரப்பி, தண்ணீர் தெளித்து, டிராக்டரை ஏற்றி அமுக்கினோம். நானும் பதினைந்து கூடை சுமந்தேன். மூளையை வீட்டில் வைத்துவிட்டுப் போயிருப்பேன்போல.

இன்ஜினியர் ஜெயகிருஷ்ணன் குலுங்காமல் வந்து இறங்கினார். கடம்பூர் போளி இரண்டு சாப்பிட்டார். நாலு பக்கமும் போட்டோ எடுத்தார். "பிரமாதமா வச்சிருக்கீங்களே" என்றார். நாங்கள் வெட்கப்பட்டுச் சிரித்தோம்.

பத்தாம் நாள் கடிதம் வந்தது. 'சாலை நல்ல நிலையில் உள்ளதால் மேம்பாட்டு நிதி தேவைப்படவில்லை.'

அண்ணாச்சி ஆபீஸுக்கு ஓடினார். துணைக்கு நானும் போனேன். "ஐயா, அது உங்க ஜீப்புக்காக நாங்க போட்ட சரளு. ரெண்டு மழைக்குத் தாங்காது, கரிசல் முழுங்கிரும்."

"போட்டோவுல அப்படித் தெரியலையே" என்றார் இன்ஜினியர்.

"எம் மவளுக்கு ஐப்பசியில பேறுகாலம்யா."

"அடுத்த வருஷம் சேர்க்க முடியுதான்னு பாக்குறேன்." பிள்ளையிடம் சொல்லிக் கொஞ்சம் தள்ளிப்போடச் சொல்லலாம் என்று எனக்கு வாய் வரைக்கும் வந்தது.

மறுநாள் காலையில் அண்ணாச்சி மண்வெட்டியோடு பாதையில் இறங்கி, போட்ட சரளை அள்ளி ஓரத்தில் கொட்ட ஆரம்பித்தார். அவர் மனைவி வெயிலுகந்தம்மாள் தலையில் கை வைத்தாள்.

"கிறுக்கு பிடிச்சிட்டா உங்களுக்கு?"

"நாம மூடுன குழியை நாமதான் தொறக்கோம். இதையும் போட்டோ எடுத்து அனுப்புதேன். கூடையைப் பிடிட்டி."

மூன்று குழி திறப்பதற்குள் போலீஸ் ஜீப் வந்துவிட்டது. நல்ல வேளை, பாதை நன்றாக இருந்ததால் சீக்கிரம் வர முடிந்தது.

ஸ்டேஷனில் யூனியன் ஆபீஸ் கொடுத்த புகாரை வாசித்தார்கள். 'எங்கள் ஒன்றியத்துக்குச் சொந்தமான, எங்கள் பராமரிப்பில் உள்ள சாலையைச் சேதப்படுத்திய மேற்படி சாமித்துரை...'

அண்ணாச்சி எழுந்துவிட்டார். "ஐயா, அந்த வரியை இன்னொரு மட்டம் வாசிங்க."

பதினோரு வருஷ மனுவுக்குக் கிடைக்காத பதில் மூன்று குழிக்குக் கிடைத்துவிட்டது. புகார் நகலை ஜெராக்ஸ் எடுத்து அடுத்த திங்கட்கிழமை மனுவோடு இணைத்தார். பலன் இல்லாமல் போகவில்லை. புரட்டாசியில் ஆள் வந்து ஜல்லி கொட்டித் தார் ஊற்றினார்கள், அண்ணாச்சி தோண்டிய மூன்று இடத்தில் மட்டும். மீதி? மீதிதான் நல்ல நிலையில் இருக்கிறதே.

ஐப்பசி நாலாம் தேதிக்குள் ஊர்ச் சரள் முழுக்கச் சேற்றுக்குள் போய்விட்டது. ஒன்பதாம் தேதியே தங்கமாரிக்கு வலி வந்துவிட்டது. தார் ரோட்டில் 108 காத்துக்கொண்டு நிற்க, கயிற்றுக் கட்டிலில் அவளைப் படுக்க வைத்து எட்டுப் பேர் தூக்கினோம். முழங்கால் வரைக்கும் சேறு. வழியில் கட்டிலை இறக்கிவைத்து மூச்சு வாங்க மூன்றே இடம்தான் இருந்தது.

மூன்றாவது இடத்தில் இறக்கியபோது அண்ணாச்சி மகளின் நெற்றியைத் துடைத்துவிட்டுக் குனிந்து அந்தத் தாரைத் தடவிப் பார்த்தார். அவர் அழுததை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"தெரிஞ்சிருந்தா ரோடு பூராவும் தோண்டியிருப்பனே தாயி" என்றார்.