கடலுக்குப் பயந்தவன் போட்ட வெங்காயம்

வெங்காயம் உரிக்கிறவர் ஒரு நாழிகை அழுவார். பயிரிடுகிறவர் அறுவடை வரை அழுவார். என்னைப் போல இந்த வம்பில் மாட்டிக்கொண்ட சகோதரர்களே, உங்களுக்குத் தெரியாததா?

நான் பழவேற்காட்டில் மீனவர் வீட்டுப் பிள்ளை. ஆனால் படகில் கால் வைத்தால் குடல் வாய்க்கு வந்துவிடும். அதனால் ஒல்லாந்தர் கோட்டைக்குப் பின்னால் கொஞ்சம் மணல் நிலத்தில் சின்ன வெங்காயம் போட்டேன். நன்றாக விளைந்தால் எல்லாவற்றையும் கப்பலுக்கு எடுத்துக்கொள்வதாகக் கோட்டைச் சமையல்காரத் துரை சொல்லியிருந்தார். என் பெண்டாட்டியின் அண்ணனோ கெடு வைத்துவிட்டார்: "இந்த வெள்ளாமை போச்சினா, மறுநாளே என்கூட படகு ஏறணும் மாப்ள."

ஈக்குப் பந்தி

எங்கள் ஊரில் எருவுக்கா பஞ்சம்? மீன் குடலையும் செதிலையும் கூடை கூடையாகப் பாத்தியில் போட்டேன். ஈக்கள் மொய்த்தன. அவை இட்ட முட்டையிலிருந்து வந்த புழு வெங்காயத்தைக் குடைய, ஒரு பாத்தி முழுக்க அழுகிப்போனது.

மிச்சக் குடலை அள்ளித் தூரத்தில் புதைத்தேன். அழுகிய செடிகளைப் பிடுங்கி எறிந்துவிட்டு, மற்ற பாத்திகளில் சாம்பல் தூவினேன். மச்சான் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து பார்த்தார். "இன்னா மாப்ள, ஊர்ல கீற ஈக்கெல்லாம் பந்தி வெச்சிக்கீறே? எலை ஒண்ணுதான் கொறை."

இறால் வலை

அடுத்து வந்தது இலைப்பேன். பொடிப் பூச்சி, இலை இடுக்கில் உட்கார்ந்து சாற்றை உறிஞ்சும். இலைகள் வெளுக்க வெளுக்க, மச்சானின் படகு என் கண்முன் வந்து நின்றது.

மாமனாருக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான். இறால் வலையைக் கொண்டுவந்து பாத்தி மேல் விரித்துக் கட்டினார். பொடி இறால்கூடத் தப்பாதாம். மறுநாள் காலை பேன்கள் சுகமாக இருந்தன. வலையில் ஒரு கொக்கு மாட்டியிருந்தது. நான் தலையில் கை வைத்து உட்கார்ந்தேன். அவர் கொக்கைத் தூக்கிக் காட்டிச் சிரித்தார்: "தரையில வலை போட்டும் வெறுங்கையா போவல, பாத்தியா மாப்ள!"

ஓலைப் பட்டை

ஒரு நல்ல மழைக்குப் பிறகு இலைகளைப் பிரித்துப் பார்த்தேன். பேன் பாதியாகக் குறைந்திருந்தது. தண்ணீர் அடித்தால் இது விழும்!

படகில் நான் உருப்படியாகச் செய்த ஒரே வேலை, உள்ளே ஏறும் தண்ணீரை ஓலைப் பட்டையால் இறைத்துக் கொட்டுவது. வாந்தி எடுத்துக்கொண்டே இறைப்பேன். அதே பட்டையை எடுத்துக் கிணற்று நீரை இலை இடுக்குகளில் வீசி வீசி அடித்தேன். வேப்பங்கொட்டையை இடித்து ஊறவைத்த நீரையும் அப்படியே. பத்து நாளில் புதுக் குருத்து பச்சைப்பசேல் என்று வந்தது. சந்தோஷம் தாங்கவில்லை. யாரும் இல்லையென்று நினைத்து ஓர் ஆட்டம் போட்டேன். வேலிக்கு அந்தப் பக்கம் என் பெண்டாட்டி. "படகுல நிக்காத காலு, இங்க இன்னாமா ஆடுது!"

துரையின் பாராட்டு

அறுவடையன்று துரை துபாஷியோடு வந்தார். ஒரு வெங்காயத்தைப் பச்சையாகக் கடித்து, கண்ணில் நீர் வழியச் சிரித்தார். மச்சான் என் முதுகில் தட்டிக்கொடுத்தார். கடலிலிருந்து தப்பித்தேன் என்று நெஞ்சு குளிர்ந்தது. துரை ஏதோ நீளமாகச் சொல்ல, துபாஷி மொழிபெயர்த்தார்: "தொரைக்கு ரொம்ப சந்தோசம். போற வழியில வெங்காயத்துல பூச்சி விழாம பாத்துக்க, உன்னியும் கப்பல்ல ஏத்திக்கினு போறேன்னு சொல்றாரு."

கப்பல் மட்டும் போய்விட்டால் போதும், பூச்சி எத்தனை வேண்டுமானாலும் வரட்டும் என்று கிணற்றுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு வேண்டிய வெங்காயக்காரன், உலகத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.