ஆம்பூர் ஆபரேஷன் தியேட்டரில் ஒரு துணி குறைந்தபோது

சென்னையில் நான் நர்ஸ். அறுவை சிகிச்சைகளில் தவறு நேராமல் பார்த்துக்கொள்ளும் பிரிவில் வேலை. ஆம்பூரில் இருபது படுக்கை கொண்ட ஒரு சின்ன மருத்துவமனை, அதை எங்களுக்கும் சொல்லிக்கொடுங்கள் என்று அழைத்ததால் போன ஆடியில் கிளம்பினேன்.

சென்ட்ரலிலிருந்து காலை ரயில். ஏறக்குறைய நூற்றெண்பது கிலோமீட்டர், மூன்று மணி நேரம், டிக்கெட் நூறு ரூபாய் சொச்சம். ஸ்டேஷனிலிருந்து ஆட்டோவுக்கு அறுபது.

"உடம்புக்கு இன்னா மேடம்?" என்றார் ஆட்டோக்காரர்.

"எனக்கு ஒன்னுமில்லீங்க. டாக்டருங்களுக்கு வகுப்பு எடுக்கப் போறேன்."

"டாக்டருக்கே பாடமா!" வழி முழுக்கச் சிரித்துக்கொண்டே வந்தார்.

வகுப்பில் நான் அழுத்திச் சொன்னது ஒன்றுதான். வயிற்றைத் தைத்து மூடும் முன், ரத்தம் ஒற்றிய துணிகளை எண்ண வேண்டும். கணக்கு உதைத்தால் யார் வேண்டுமானாலும் "நிறுத்துங்க" என்று சொல்லலாம். எல்லோரும் தலையாட்டினார்கள். ஆனால் கண்கள் சர்ஜன் பக்கமே இருந்தன. அவர் முன்கோபி என்று ஏற்கெனவே காதில் விழுந்திருந்தது.

மறுநாள் காலை, ஷூ கம்பெனியில் தையல் வேலை பார்க்கும் ஷமீமுக்குக் கர்ப்பப்பை அறுவை சிகிச்சை. சர்ஜன் தைக்க ஊசி கேட்டார். பதினைந்து வருடமாக அவர் கேட்டதை எடுத்துக் கொடுத்துவந்த ஜெனிட்டா சிஸ்டர், ஊசியைக் கொடுக்கவில்லை.

"சார்... நிறுத்துங்க. ஒன்னு கம்மியா இருக்கு."

வயிற்றுக்குள் தேடினார்கள். மேஜைக்கடியிலும் தேடினார்கள். நான் வெளியே போய் ஷமீமின் கணவர் சலீமிடம் விஷயத்தைச் சொன்னேன். முகம் வெளிறிவிட்டது.

"உள்ள வெச்சுத் தெச்சுட்டா பேஜாராயிடும் மேடம். நிதானமா தேடச் சொல்லுங்க" என்றார்.

திரும்பி வந்தபோது துணி கிடைத்திருந்தது. வாளியில் இரண்டு துணிகள் ஒட்டிக் கிடந்திருக்கின்றன. ஒன்றென்று எண்ணியது ஜெனிட்டாதான்.

"சாரி சார்." குரல் உடைந்தது.

நான் சர்ஜனைப் பார்த்தேன். இப்போது இவர் ஒரு வார்த்தை திட்டினால் போதும், இந்த அறையில் இனி யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள்.

"எதுக்கும்மா சாரி? சந்தேகம் வந்துச்சு, சொன்ன. நாளைக்கு வந்தாலும் சொல்லு" என்றார் சர்ஜன். பிறகு, "இப்ப தைக்கலாமா?"

"தைக்கலாம் சார்." முகமூடிக்குள் ஜெனிட்டா சிரித்தது கண்ணிலேயே தெரிந்தது.

மதியம் ஒரு குடலிறக்க அறுவை சிகிச்சை. அது முடிவதற்குள் மூன்று பேர் "நிறுத்துங்க" சொல்லிவிட்டார்கள். அதில் ஒன்று, ஏசியிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது என்பதற்காக.

"இன்னிக்கு என்னை ஆபரேஷன் பண்ண விடுவீங்களா?" என்று சர்ஜனே கேட்க, தியேட்டரே சிரித்தது. மறுநாள் சாயங்காலம் ஷமீம் வராந்தாவில் மெல்ல நடந்துகொண்டிருந்ததைப் பார்த்துவிட்டுத்தான் ரயில் ஏறினேன்.

ஆம்பூர் போகிறவர்களுக்கு: பிரியாணியை மதியம் ஒரு மணிக்குள் சாப்பிட்டுவிடுங்கள், அப்புறம் கூட்டம் தாங்காது. அறுவை சிகிச்சைக்குப் போகிறவர்களுக்கு: உங்கள் பெயரையும் எந்தப் பக்கத்தில் அறுவை என்பதையும் ஆளாளுக்குக் கேட்டால் சலித்துக்கொள்ளாதீர்கள், ஒவ்வொரு முறையும் சொல்லுங்கள். "எண்ணிப் பார்த்துத்தானே டாக்டர் மூடுவீங்க?" என்று நீங்களும் கேளுங்கள். நல்ல டாக்டர் கோபித்துக்கொள்ள மாட்டார். கோபித்துக்கொண்டால், அதுவும் படுப்பதற்கு முன்பே தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம்தான்.