பிளக்கைப் பிடுங்கிய பிறகும்

என் கணவர் முன்பு செங்கத்தில் வீடியோ கேம் கடை வைத்திருந்தார். அதில் மிஞ்சிய ஒரே மெஷின் ஜவ்வாது மலையில் எங்கள் வீட்டுப் புளி மூட்டைகளுக்குப் பின்னால் கிடந்தது. பழைய மெஷின்களைச் சேகரிக்கும் ஒருவர் போனில், "எல்லாரும் ஒடைச்சு காயலான் கடையில போட்டுட்டாங்க. இது கிடைக்கிறதே இல்லீங்க. உள்பக்கம் போட்டோ அனுப்புங்க" என்றார்.

கரண்ட் கொடுத்துப் பார்த்தோம், திரையில் வெளிச்சம் வந்தது. பிளக்கைப் பிடுங்கிவிட்டுக் கணவர் பின்பலகையைக் கழற்றினார்.

"கைய வுடாதீங்க" என்றேன்.

"கரண்டே இல்ல, இன்னாடி பயம்?" என்று பிக்சர் டியூப் ஓரத்துத் தூசியைத் துடைத்தார். மறுநொடி தூக்கியெறியப்பட்டுச் சுவரில் மோதி விழுந்தார்.

உயிர் பிழைத்தார். முறிந்த வலது கை இன்னும் சரியாக மடங்கவில்லை. பிளக்கைப் பிடுங்கினாலும் டியூபில் மின்சாரம் தங்கியிருக்கும் என்று பிறகுதான் தெரிந்தது.

போனில் போட்டோ கேட்டவர் மறுபடி அழைத்தபோது நடந்ததைச் சொன்னேன். "அய்யய்யோ, மெஷினுக்கு ஒண்ணும் ஆகலையே?" என்றார். போனை வைத்துவிட்டேன்.

இப்போது அதே மாதிரி டியூப் உள்ள பழைய டிவியைக்கூட நாங்கள் திறப்பதில்லை. மெக்கானிக் வரும்வரை அப்படியே மூடி வைக்கிறோம்.