எல்லாம் பச்சையோ, தங்கச்சி?

எங்கள் தொழிலில் நல்ல நாள் என்றால், நாங்கள் உயிரோடு இருப்பதையே கம்பனி மறந்துபோகிற நாள்.

என்னைப்போல இதே வேலையில் கிடந்து அல்லாடுகிறவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. மற்றவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். நான் இருப்பது மருந்து இறக்குமதி செய்து விற்கும் ஒரு கம்பனியில். ஓடர் எடுக்க ஒரு மென்பொருள், கொலன்னாவையில் உள்ள ஸ்டோர்ஸுக்கு இன்னொன்று, வேலையாட்களின் விவரத்துக்கு வேறொன்று. மூன்றும் மூன்று பேர் செய்து விற்றவை, ஒன்றின் பேச்சு மற்றதற்கு விளங்காது. அவற்றுக்கு நடுவே செய்தியைக் கொண்டுபோய்க் கொடுக்கும் பாதைக்குத்தான் இன்டர்பேஸ் என்று பெயர். செய்தி போய்ச் சேர்ந்தால் எங்கள் திரையில் பச்சை. வழியில் மாட்டிக்கொண்டால் சிவப்பு. கொம்பனித்தெருவில் ஒரு கண்ணாடிக் கட்டடத்தில் குந்தியிருந்து அந்தத் திரையைப் பார்ப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

கல்யாண வீட்டில்

வெள்ளவத்தையில் ஒரு கல்யாணம். சாப்பாட்டு மேசையில் எனக்குப் பக்கத்தில் அம்மாவின் ஒன்றுவிட்ட அண்ணர் வந்து இருந்தார். கனடாவிலிருந்து வந்தவர், ஆகவே எல்லாரையும் விசாரிக்கும் உரிமை தனக்கு உண்டு என்று நினைப்பவர். என்ன வேலை என்று கேட்டார். நான் மூன்று மென்பொருள், நடுவில் பாதை, செய்தி, சிவப்பு, பச்சை என்று பாயசம் வரும்வரை விளங்கப்படுத்தினேன்.

அவர் கவனமாகத்தான் கேட்டார். கையைக் கழுவிக்கொண்டு வந்து, அம்மாவுக்கும் கேட்கும்படியாகச் சொன்னார்: "கம்பஸ் முடிச்சுப்போட்டு கடைசியில வாச்சர் வேலையோ, பிள்ளை?"

வேறு நிறம்

ஒருநாள் எங்கள் டைரக்டர் வெளிநாட்டு விருந்தாளிகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். இதுதான் எங்கள் கண்காணிப்பு அறை என்று பெருமையாகக் கதவைத் திறந்தார். எங்கள் கெட்ட காலம், அந்த நேரம் பார்த்துத் திரையில் ஏழெட்டுச் சிவப்பு. விருந்தாளிகளில் ஒருத்தி அது என்ன என்று கேட்டுவிட்டாள்.

அவர்கள் போன பிறகு டைரக்டர் தனியாகத் திரும்பி வந்தார். என் மேலாளர் நிஹால் சிங்களவர், நாங்கள் அவரை அய்யே, அதாவது அண்ணை, என்றுதான் கூப்பிடுவோம். அவர், செய்தி மாட்டுப்பட்டால் சிவப்பு வரத்தான் செய்யும் என்று பொறுமையாக விளக்கினார். டைரக்டர் இங்கிலீஷில் கேட்டார்: "சிவப்புத்தானே பிரச்சினை? வேறு நல்ல நிறம் ஒன்று போட்டால் என்ன?"

காலைத் தேத்தண்ணி

என்னைத் தேடித் தொலைபேசி எடுப்பவர்கள் எல்லாரும் ஏசுவதற்குத்தான் எடுப்பார்கள். ஒரேயொருவர் மட்டும் விதிவிலக்கு. கொலன்னாவை ஸ்டோர்ஸில் இருந்த அன்டன் அண்ணை. கொச்சிக்கடைக்காரர். முன்பு துறைமுகத்தில் சாமான் கணக்குப் பார்த்தவர், பிறகு எங்களிடம் வந்து ஸ்டோர்ஸே கதி என்று இருந்துவிட்டார்.

காலையில் நான் கைப்பையை வைக்கும் முன்பே அவருடைய அழைப்பு வரும். அவருக்கு என்னிடம் ஒரு அலுவலும் இருக்காது. ஓடர்கள் வந்து சேர்கின்றனவா என்பதைத் தன்னுடைய கணினியிலேயே பார்த்துக்கொள்ளலாம். இருந்தாலும் கேட்பார், "எல்லாம் பச்சையோ, தங்கச்சி?" நான் ஓம் என்பேன். அந்தக் கம்பனியில் என் வேலையைப் பற்றி ஒரு மனிதன் அக்கறையாகக் கேட்பது அந்த ஒரு கேள்விதான். என் ஓமுக்கு அவர் ஒவ்வொரு நாளும் சொல்லும் பதிலும் ஒன்றுதான்: "அப்ப நான் நிம்மதியாத் தேத்தண்ணி குடிக்கிறன்."

ஐஸ் கரையுது

ஒரு வெள்ளிக்கிழமை வெள்ளவத்தையிலிருந்து ஒரு பார்மசிக்காரர் போன் எடுத்தார். இன்சுலின் ஓடர் கொடுத்திருந்தார். ஓடர் எடுக்கும் மென்பொருள் "அனுப்பியாயிற்று" என்கிறது, அவருடைய போனுக்குக்கூட அப்படியே செய்தி போயிருக்கிறது. ஸ்டோர்ஸ் மென்பொருளோ அப்படி ஒரு ஓடரைக் கண்ணாலும் காணவில்லை. நடுவழியில் மாட்டிக் கிடந்தது. அதை எடுத்துவிட வெளிநாட்டில் இருக்கும் ஒருவன் நித்திரை விட்டு எழும்ப வேண்டும். கடையிலே ஒரு வயதான அம்மா இன்சுலினுக்காகக் காத்துக்கொண்டு இருக்கிறாவாம். பார்மசிக்காரர் ஏசவில்லை. "உங்கட கம்ப்யூட்டரில மருந்து வந்திட்டுது, தங்கச்சி. அதை நான் இந்த அம்மாவுக்கு எப்படிக் குடுக்கிறது?" என்று மட்டும் கேட்டார்.

நான் அன்டன் அண்ணையிடம் சொன்னேன். இப்படிப்பட்ட நேரத்துக்கென்று ஒரு வழி உண்டு. ஸ்டோர்ஸில் உள்ளவர் தன் பெயரிலேயே ஒரு வேலையைத் திறந்து மருந்தை வெளியே எடுக்கலாம். கடைக்காரரின் கையெழுத்தை வாங்கிக் கணினியில் ஏற்றும்வரை அந்த வேலை அவர் தலையில்தான் கிடக்கும். அதனாலேயே ஒருவரும் அந்த வழிக்குப் போவதில்லை. அன்டன் அண்ணை போனார். மருந்தை ஐஸ் பெட்டியில் போட்டுக்கொண்டு தானே பஸ் ஏறினார். கையெழுத்துத் தாளை எடுத்தீர்களா என்று கேட்க நான் போன் செய்தபோது அவர் பாதி வழியில் நின்றார். பஸ் இரைச்சலுக்குள்ளே கத்தினார்: "சைன் எல்லாம் திங்கட்கிழமை பாப்பம், தங்கச்சி. இஞ்ச ஐஸ் கரையுது!"

முடியாத வேலை

திங்கட்கிழமை அன்டன் அண்ணை வரவில்லை. ஞாயிறு பூசைக்கு வெளிக்கிட்டவர், சப்பாத்துப் போடக் குனிந்த இடத்திலேயே போய்விட்டார். நெஞ்சு வலி என்றுகூட ஒரு வார்த்தை சொல்லவில்லையாம். அடக்கத்துக்கு ஸ்டோர்ஸ் ஆட்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். அவருடைய மனைவி ரீட்டா அக்கா என்னை முன்னே பின்னே கண்டதில்லை. ஆனால் பெயரைச் சொன்னதும் கையைப் பிடித்துக்கொண்டா. எனக்கு அங்கே நிற்கவே முடியவில்லை.

ஆட்களின் விவரத்தைப் பார்க்கும் பகுதி, வழக்கம்போல, அவர் சேவையிலிருந்து நீங்கியதாகப் பதிந்தது. இதுவும் இன்டர்பேஸ் வழியாகத்தான் எல்லா இடத்துக்கும் போகும். முதலில் ஸ்டோர்ஸுக்கு. போகிறவர் கம்பனியின் சாமானோடு போய்விடக் கூடாது என்று அப்படி அமைத்திருக்கிறார்கள். ஸ்டோர்ஸ் சரி என்ற பிறகுதான் மற்ற இடங்களுக்கு. அடுத்த நாள் காலை திரையில் ஒரேயொரு சிவப்பு. திறந்து பார்த்தேன். அன்டன் அண்ணையின் பெயர். இவர் பெயரில் முடிக்காத வேலை உண்டு, ஆகவே விடுவிக்க முடியாது என்று ஸ்டோர்ஸ் மென்பொருள் செய்தியைத் திருப்பி அனுப்பியிருந்தது. அந்த இன்சுலின்தான்.

மாட்டுப்பட்ட செய்தியை இயந்திரம் ஒவ்வொரு காலையும் தானாகவே ஒருமுறை அனுப்பிப் பார்க்கும். ஒவ்வொரு காலையும் அது திரும்பி வந்தது. அவர் போன் எடுக்கும் அதே நேரத்தில், திரையில் அவர் பெயர். நிஹால் அய்யே எனக்குப் பின்னால் வந்து நின்று வாசித்தார். மெதுவாகத் தலையை ஆட்டினார். அன்டனுக்கு இன்னும் வேலை முடியவில்லையாம் என்பதை, என்னை நங்கி, தங்கச்சி, என்று கூப்பிட்டுச் சிங்களத்தில் சொன்னார்: "அன்டன்ட தாம வெட இவர நே, நங்கி."

பார்த்துக்கொண்டிருத்தல்

அடக்கம் முடிந்து மூன்றாம் கிழமை ரீட்டா அக்கா போன் எடுத்தா. அவர்களுக்கு ஒரே மகள், டிலானி. காதுக்குள்ளே நோய் எலும்பை அரித்துக்கொண்டு போகிறது, கெதியாக ஒப்பரேஷன் செய்யாவிட்டால் அந்தக் காது கேளாமலே போய்விடும் என்று டொக்டர் சொல்லியிருக்கிறார். பிள்ளை இப்போதே ஆட்களோடு கதைக்கும்போது வலது பக்கத்தைத் திருப்பிக்கொண்டுதான் இருக்கிறதாம். தகப்பன் உயிரோடு இருக்கும்போதே ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நாள் எடுத்து வைத்தாயிற்று, செலவு கம்பனி கொடுத்த குடும்ப மருத்துவ அட்டையில். அந்த அட்டை வேலை செய்யுமா என்று ஒருக்கால் பார்த்துச் சொல்ல முடியுமா என்று கேட்டா.

பார்த்தேன். வேலை செய்தது. ஏன் செய்தது என்று யோசித்தபோதுதான் எனக்கு விஷயம் விளங்கியது. அட்டை நிற்பது சேவை நீங்கிய செய்தி போய்ச் சேர்ந்த பிறகு. செய்தியோ ஸ்டோர்ஸ் வாசலில் சிவப்பாக நிற்கிறது. கையெழுத்து ஏறாத ஒரு பெட்டி இன்சுலினால் அன்டன் அண்ணை தன் மகளுக்காக இன்னும் வேலையில் இருந்தார்.

ஒளித்து வைக்க எனக்கு மனம் வரவில்லை. நிஹால் அய்யேயிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஒப்பரேஷன் முடியும்வரை அட்டையை நீட்டித் தரும்படி மேலிடத்துக்கு அவர் எழுதினார். பரிசீலிக்கிறோம் என்று பதில் வந்தது. அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. ஸ்டோர்ஸில் அந்த வேலையை யாரிடமாவது சொல்லி முடிக்கவா என்று கேட்டேன். நிஹால் அய்யே கொட்டாஞ்சேனையில் வளர்ந்தவர், தமிழ் நன்றாக வரும். யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே சொன்னார்: "சிவப்பு பாக்கிறதுதானே நங்கி நம்மட வேலை. பாத்துக்கிட்டே இரு."

பைசலின் நல்ல மனது

அன்டன் அண்ணையின் இடத்துக்கு பைசல் என்பவர் வந்திருந்தார். வேறு கிளையிலிருந்து மாற்றி விட்டார்கள். அன்டன் அண்ணையிடம்தான் முன்பு வேலை பழகியவர், அவரை அங்கிள் என்றுதான் சொல்வார். ஒரு திங்கட்கிழமை காலை அவர் எனக்குப் போன் எடுத்தார். குரலில் ஒரு சந்தோஷம்.

கணினியைத் துப்புரவு பண்ணும்போது அங்கிளின் பெயரில் திறந்தபடி கிடந்த வேலையைக் கண்டிருக்கிறார். எங்களிடம் கேட்கத் தோன்றவில்லை. ஞாயிறு தன்னுடைய லீவு நாளில் வெள்ளவத்தைக்குப் போய், பார்மசிக்காரரைத் தேடிப் பிடித்து, கையெழுத்தை வாங்கி, காலையில் முதல் வேலையாகக் கணினியில் ஏற்றிவிட்டார். நான் திரையைப் பார்த்தேன். சிவப்பு எப்போதோ போய்விட்டிருந்தது. ஸ்டோர்ஸ் சரி என்றதும் செய்தி ஒவ்வொரு இடமாகப் போய்க்கொண்டே இருந்தது, அட்டைக்கும் போய்விட்டது. போன செய்தியைத் திருப்பிக் கூப்பிட வழி இல்லை.

ஏச வாய் வரவில்லை. உலகத்தில் ஒருவரும் செய்யாத நல்ல காரியத்தை அந்த மனிதன் செய்துவிட்டு என்னிடம் சொல்ல வந்திருக்கிறார். நான் நன்றி என்றேன். அவர் கூச்சப்பட்டுக்கொண்டு சொன்னார்: "மவுத்தான மனிசன்ட பேர்ல ஒண்டும் பாக்கி இருக்கக் கூடாது தானே, மிஸ்."

கவுண்டரில்

ரீட்டா அக்காவுக்கு நான் அன்றைக்கே போன் எடுத்தேன். திரும்பத் திரும்ப எடுத்தேன். ஒப்பரேஷனுக்கு நாள் வந்திருந்தது, பிள்ளையை ஆஸ்பத்திரியில் சேர்க்கிற அலுவலில் அவ போனைக் கவனிக்கவில்லை. நிஹால் அய்யே டைரக்டரின் அறைக்கும் மருத்துவ அட்டைக்காரரின் இலக்கத்துக்கும் மாறி மாறி அலைந்தார். விதி என்றால் விதிதான் என்றார்கள்.

செவ்வாய்க்கிழமை ரீட்டா அக்காவே எடுத்தா. பின்னால் ஆஸ்பத்திரி ஒலிபெருக்கியில் யாரையோ கூப்பிடும் சத்தம். தனியார் ஆஸ்பத்திரியில் அட்டை செல்லாது என்றுவிட்டதால் டிலானியின் பெயரை அரசாங்க ஆஸ்பத்திரியில் பதிந்ததாகவும், அங்கே நாள் வர எத்தனை மாதமாகும் என்று ஒருவருக்கும் தெரியாது என்றும் சொன்னா. அழவில்லை. என்னைக் குறை சொல்லவும் இல்லை. ஒரு விஷயம் விளங்காததால்தான் போன் எடுத்ததாகச் சொன்னா. நான் என்னவென்று கேட்டேன்.

"கவுண்டரில இருக்கிற பிள்ளை சொல்லுது, தங்கச்சி, எங்கட ஆள் நேற்றிலயிருந்துதான் இல்லையாம்."

அந்தக் கிழமை முழுவதும் திரையில் ஒரு சிவப்புக்கூட வரவில்லை என்று டைரக்டரிடமிருந்து எங்களுக்கு முதல்தடவையாக ஒரு பாராட்டு மின்னஞ்சல் வந்தது.