மணல்மேட்டுச் சிள்வண்டும் என் கணவரின் உள்ளங்கையும்

பூச்சிகளைத் தேடித்தான் என் பயணங்கள். வழக்கமாகத் தனியாகப் போவேன். போன சித்திரை அமாவாசையன்று தறிக்கு விடுமுறை என்பதால், பட்டு நெய்யும் என் கணவரையும் அழைத்துப் போனேன். சில மாதங்களாக நான் பேசினால் பதிலே வருவதில்லை. என்ன கோபமோ, வெளியூர் போனாலாவது மனம்விட்டுப் பேசுவார் என்று நினைத்தேன்.

காஞ்சிபுரத்தில் காலை ஐந்தரைக்குப் பேருந்து. வாலாஜாபாத் வழியாகச் செங்கல்பட்டு சுமார் நாற்பது கிலோமீட்டர். அங்கே இட்லி சாப்பிட்டுவிட்டு, கல்பாக்கத்துக்கு இன்னொரு முப்பது. பாலாறு கடலில் சேரும் இடத்துக்கு ஆட்டோ 250 ரூபாய்.

"அங்க இன்னாமா பாக்கப் போறீங்க?" என்றார் ஓட்டுநர்.

"சிள்வண்டு."

"அதுவா! காது கிழிஞ்சிடும்மா," என்று சிரித்தார்.

கிழியத்தான் செய்தது. அடும்புக்கொடி படர்ந்த மணல்மேடு, மேலே சவுக்கு மரங்கள், மரமெல்லாம் சிள்வண்டு. இவற்றின் இளம்பூச்சிகள் மணலுக்குள் வேர்ச்சாறு குடித்தே ஆண்டுக்கணக்கில் வளரும். வெளியே வந்ததும் மரமேறித் தோலுரித்துவிட்டுப் பறக்கும். அந்தக் காய்ந்த கூடுகள் பட்டையெங்கும் ஒட்டிக்கொண்டிருந்தன.

நான் நெருங்கியதும் அத்தனையும் சட்டென்று ஓய்ந்தன. அலைச் சத்தம் மட்டும்தான்.

"கேட்டுதாங்க?" என்றேன், அவர் பக்கம் திரும்பி.

"ஆமாம்மா. இன்னும் கத்திக்கினே இருக்குது பாரு," என்றார், மரத்தைப் பார்த்தபடி.

அப்போதுதான் புரிந்தது. கோபமெல்லாம் இல்லை. காதுதான்.

"எவ்ளோ நாளா இப்டி?" என்று முகத்துக்கு நேராகக் கேட்டேன்.

"தீவாளிக்கு முன்னாடியே. நீ பயந்துக்குவேன்னு சொல்லல."

தாழ்ந்த கிளையில் இருந்த ஒன்றை மெல்லப் பிடித்து, அவர் உள்ளங்கையில் வைத்து, என் கையால் மூடினேன். நல்லவேளை, ஆண் வண்டு, ஆண்தான் கத்தும். மூடியதும் கத்தத் தொடங்கியது.

"அடேங்கப்பா! முழங்கை வரைக்கும் அதிருதுமா!" குழந்தைபோல் சிரித்தார். எனக்குக் கண் கலங்கியது. கையை விரித்ததும் அது பறந்துவிட்டது.

"டாக்டரப் போய்ப் பாக்கலாங்க."

"நீயும் வருவ இல்ல?"

போனோம். காதுக்குக் கருவி கொடுத்தார்கள். முதல் வாரம் கூச்சப்பட்டு வீட்டுக்குள் மட்டும் மாட்டினார். இப்போது கடைத்தெருவுக்கும் மாட்டிக்கொண்டு போகிறார்.

நீங்கள் போவதானால் வெயில் ஏறுமுன் போய்விடுங்கள். தண்ணீர் கட்டாயம், அங்கே கடை கிடையாது. அடும்புக்கொடியை மிதிக்காதீர்கள், மணலைப் பிடித்து வைத்திருப்பது அதுதான். பூச்சியைப் பிடித்தால் உடனே விட்டுவிடுங்கள். கூட வருபவரிடம் எதிரே நின்று பேசுங்கள். கடற்காற்றில் பாதிப் பேச்சு போய்விடுகிறது.